சூடு பூஜ்யம்

மார்ச் 3

சித்திக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நாம் போனில் பேசிய லட்சணம் போதும். நீங்கள் ஒன்று சொன்னீர்கள், நான் ஒன்று சொன்னேன், கடைசியில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்கே தனியாக ஒரு சண்டை வந்தது. "இனிமே போன்ல வேண்டாம், எதுவா இருந்தாலும் எழுத்துல குடு" என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள். எனக்கும் அதுதான் வசதி. எழுதியதைப் பிறகு யாரும் மாற்றிப் பேச முடியாது. நீங்கள் கேட்டபடி உங்கள் தையல் கடை முகவரிக்கே அனுப்புகிறேன். அப்பா கண்ணில் இது படாமல் இருப்பது நல்லது என்று நானும் நினைக்கிறேன்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. அப்பாவின் மூச்சு மெஷினில் சூட்டை அணைப்பது யார்?

உங்களுக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் எழுதிவிடுகிறேன், பிறகு "நீ சொல்லவே இல்லை" என்ற பேச்சு வேண்டாம். அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. இப்படியே விட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் ஜனவரியில் லீவு போட்டு வந்து அந்த மெஷினை வாங்கி, மாஸ்க்கை அவர் முகத்துக்கு அளவு பார்த்து, நானே பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டுப் போனேன். ராத்திரி முழுக்க அது மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், தொண்டை மூடிக்கொள்ளாது. அந்தக் காற்று வறண்டு போகக் கூடாது என்றுதான் கூடவே தண்ணீர்த் தொட்டி. தொட்டியைச் சூடாக்கினால் கதகதப்பான ஈரக் காற்று வரும். இல்லாவிட்டால் மூக்கு வறண்டு, அவர் மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிடுவார். அதனால் சூட்டை ஐந்தில் வைத்து, 'சூடு 5. மாற்றாதீர்கள்' என்று தாளில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டிவிட்டு வந்தேன்.

அந்த மெஷின் தினமும் காலையில் என் போனுக்குக் கணக்கு அனுப்பும். பிப்ரவரி நடுவிலிருந்து சூடு என்ற இடத்தில் பூஜ்யம் என்றே வருகிறது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். அப்பா டி.வி. சத்தத்தைக் குறைக்கக்கூட ரிமோட்டை உங்கள் கையில் கொடுப்பவர். போனில் அவரைக் கேட்டால், "கதகதப்பா சுகமா இருக்கும்மா" என்கிறார். பாவம், அவருக்கு நடப்பது தெரியவில்லை. மிச்சம் இருப்பது யார்?

கரண்டை மிச்சம் பிடிக்கிறீர்களா, நான் வைத்தது என்பதாலேயே மாற்றுகிறீர்களா, எனக்குத் தெரியாது. மருந்து கம்பெனியில் மாத்திரை அட்டைகளைச் சோதிப்பது என் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள். இந்த மாதம் முழுக்கப் பார்ப்பேன். எண் மாறாவிட்டால் அப்பாவை இங்கே என்னோடு அழைத்து வந்துவிடுவேன். இதையும் எழுத்தில்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மகள்

---

மார்ச் 9

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு,

உங்கப்பா உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறார், "இன்ஸ்பெக்டரம்மா போன் பண்ணாளா?" என்று. நானும் அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

உன் கடிதத்தைக் கடையில் ஒரு கல்யாண ஜாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது படித்தேன். ஊசி கையில் குத்திவிட்டது. அதற்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

நீ ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது. ஓரம் உரிந்தபோது நான்தான் டேப் போட்டு ஒட்டினேன். ராத்திரி சாப்பாடு ஆனதும் தொட்டியை எடுத்து, நீ சொன்ன டிஸ்டில்டு வாட்டரைக் கோடு வரைக்கும் ஊற்றி, பட்டனை அமுக்கி ஐந்து வந்ததும் "பார்த்துக்கோங்க, அஞ்சு" என்று உங்கப்பாவிடம் காட்டிவிட்டுத்தான் படுக்கிறேன். காலையில் எழுந்து பார்த்தால் பூஜ்யம். முதலில் கரண்ட் போய் வந்திருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். உன்னிடம் சொன்னால் நான்தான் கெடுத்தேன் என்பாய், அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் "பூஜ்யம்" என்றாய் பார், அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நான் யாரிடமும் சொல்லாத எண் உனக்கு எப்படித் தெரியும்? அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே இருக்கிற எண்ணைப் பார்க்க முடியும் என்றால், அதை மாற்ற முடியாதா? எங்கள் கடைக்கு வரும் ஒரு அம்மாவின் பையன் ஆபீசிலிருந்தே வீட்டு விளக்கை ஏற்றி அணைக்கிறானாம். உன்னை மாதிரி படித்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமா?

அன்றிலிருந்து பகலில் அந்த மெஷின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைக்கிறேன். அதற்கு முன்னால் நின்று பேசுவதையும் நிறுத்திவிட்டேன். என்னென்ன உன் போனுக்குப் போகிறதோ யார் கண்டது.

நீ ஏன் அப்படிச் செய்வாய் என்று கேட்பாய். சொல்கிறேன். ஜனவரியில் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீ என்ன சொன்னாய்? "ஏதாவது ஒரு குறை கேள்விப்பட்டேன்னா அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன்." அவரை வைத்துக்கொண்டே சொன்னாய். குறை தானாகக் கிடைக்கவில்லை, அதனால் நீயே உண்டாக்கிக்கொள்கிறாய். எனக்கு அப்படித்தான் படுகிறது.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கு இருபத்தாறு வயது. உன்னைத் தோளில் போட்டு வளர்த்தேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கப்பாவை ஆறு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவர் குறட்டையை நீ போனில் எண்ணாகப் பார்க்கிறாய். நான் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கேட்டவள்.

இப்படிக்கு,
சித்தி

---

மார்ச் 14

சித்திக்கு,

மெஷினைத் துண்டு போட்டு மூடுகிறீர்கள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். அடுத்த வரியைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. என் அப்பா மூச்சு விடும் மெஷினை நான் இங்கிருந்து அணைப்பேனா? அதை எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா?

என் போனில் எண்ணைப் பார்க்க மட்டும்தான் முடியும். மாற்ற முடியாது. நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். மெஷின் வாங்கிய கடை உங்கள் கடைக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். மெஷினில் கோளாறு உண்டா? தூரத்திலிருந்து மகளின் போனால் சூட்டை மாற்ற முடியுமா? கடைக்காரர் என்ன சொன்னாரோ அதை அப்படியே எழுதுங்கள். அப்புறம் நீங்களும் நானும் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது.

உங்களுக்குப் புரிகிறதோ இல்லையோ, ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மா இறந்த பிறகு நானும் அப்பாவும் ஒரே அறையில்தான் படுப்போம். அவர் குறட்டை திடீரென்று நிற்கும். நான் பாயில் எழுந்து உட்கார்ந்து, அது திரும்ப வரும்வரை காத்திருப்பேன். வியாதி என்று அப்போது எனக்குத் தெரியாது. அம்மா மாதிரி இவரும் போய்விட்டாரோ என்றுதான் நினைப்பேன். குறட்டையைப் பக்கத்தில் படுத்துக் கேட்டவர் நீங்கள் மட்டும் இல்லை. அந்த பயம்தான் எனக்கு இன்றைக்கும் பூஜ்யத்தைப் பார்த்தால் வருகிறது.

அதனால் என்னைக் கண்கொத்திப் பாம்பு என்று நீங்கள் திட்டினாலும் சரி, நான் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
மகள்

---

மார்ச் 24

மகளுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். பதினாறாம் தேதி கிளம்பி நாலு நாள் ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்துவிட்டு வந்தேன்.

வந்ததும் மெஷினைக் கடையில் காட்டினேன். கோளாறு எதுவும் இல்லை. உன் போனால் மாற்றவும் முடியாதாம். கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு.

சூட்டை அணைத்தது நான்தான். கரண்ட் பில் ஏறுகிறதே என்று அணைத்தேன். ஒத்துக்கொள்ள வாய் வராமல் உன்மேல் பழியைப் போட்டேன். இனி எதுவாக இருந்தாலும் என்னையே கேள். உங்கப்பாவிடம் இதைப் பற்றி எதுவும் கேட்காதே. போனிலும் கேட்காதே. அவருக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது.

இப்படிக்கு,
சித்தி

---

மார்ச் 28

சித்திக்கு,

இப்போதாவது சொன்னீர்களே. கரண்ட் பில்! ஒரு மனுஷனுடைய மூச்சைவிட உங்களுக்கு அது பெரிதாகப் போய்விட்டது. செய்ததையும் செய்துவிட்டு, என்னைக் குற்றவாளி ஆக்கி, துண்டு போட்டு மூடி நாடகமும் ஆடியிருக்கிறீர்கள்.

இனி மாதக் கடைசிவரை பார்க்கத் தேவை இல்லை. ஏப்ரல் மூன்றாவது வாரம் லீவு சொல்லிவிட்டேன். வந்து அப்பாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். இங்கே என் வீட்டில் கிழக்குப் பார்த்த அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். மெஷினை வைக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் மேஜையும் வாங்கிவிட்டேன். அவருடைய துணிமணியை எடுத்து வையுங்கள். தெருவே வேடிக்கை பார்க்கிற மாதிரி சண்டை எதுவும் வேண்டாம்.

மகள்

---

ஏப்ரல் 1

சித்திக்கு,

போன கடிதத்துக்கு உங்கள் பதில் வரும் முன்பே இதை எழுதுகிறேன். உங்களிடம் ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் நான் எதிர்பார்த்த பொய் அது இல்லை.

அப்பாவை இங்கே அழைத்து வரும் முன் இந்த ஊர் டாக்டர் ஒருவரைப் பார்த்துவைக்கலாம் என்று போனேன். சூடு பூஜ்யத்தில் ஓடுவதைப் பற்றி ஒரு மூச்சு புலம்பித் தீர்த்தேன். அவர் என் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன பிரச்சினை?" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. "சூடே இல்ல டாக்டர்" என்றேன். "காத்தோட அழுத்தம்தாம்மா மருந்து. சூடு சௌகரியத்துக்கு வச்சது. சில பேருக்கு அது ஒத்துக்காது. தொட்டியில பச்சைத் தண்ணி இருந்தாலே காத்து அது மேல போகும்போது கொஞ்சம் ஈரத்தை எடுத்துக்கும். பல பேருக்கு அதுவே போதும். மூக்கு வறளுது, ரத்தம் வருதுன்னா மட்டும் கொஞ்சம் கொஞ்சமா சூட்டை ஏத்திப் பார்க்கணும்" என்றார். பிறகு போனைத் திருப்பி என்னிடம் காட்டினார். சூடு ஐந்தில் இருந்த நாட்களில் அப்பா மாஸ்க்கைப் போட்டிருந்தது இரண்டு மணி, மூன்று மணி நேரம்தான். பூஜ்யம் ஆனதிலிருந்து ஏழு மணி நேரம். மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இத்தனை நாளும் அந்த எண்கள் என் போனிலேயே இருந்திருக்கின்றன. நான் சூடு என்ற ஒரு இடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையில் இருக்கும் எழுத்தைச் சரிபார்த்துவிட்டு உள்ளே இருக்கும் மாத்திரையைப் பார்க்காமல் விட்டால் என் கம்பெனியில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். அப்போதுதான் பதினாறாம் தேதி கண்ணில் பட்டது. அன்றிலிருந்து நாலு நாள் நீங்கள் உங்கள் அக்காவோடு ஆஸ்பத்திரியில் இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்று ராத்திரி ஐந்தில் தொடங்கிய சூடு கொஞ்ச நேரத்தில் பூஜ்யமாகி, அந்த நாலு நாளும் பூஜ்யமாகவே இருந்திருக்கிறது.

அக்காவின் முழங்காலைப் பற்றிப் பொய் சொல்லமாட்டீர்கள். அப்படியானால் அணைத்ததைப் பற்றித்தான் பொய் சொல்லியிருக்கிறீர்கள். செய்யாத குற்றத்தை ஒருத்தர் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? அதுவும் நீங்கள், அதுவும் என்னிடம்? எனக்கு இது முன்னதைவிடப் பெரிய சந்தேகமாக இருக்கிறது.

அப்பாவா? நேற்றுக்கூட போனில் "சூடு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். "அருமையா இருக்கும்மா" என்றார். அப்பா என்னிடம் பொய் சொல்வாரா?

உண்மையை எழுதுங்கள். வருவதற்கு முன் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மகள்

---

ஏப்ரல் 5

மகளுக்கு,

உன்னிடம் மாட்டாமல் ஒரு பொய்கூடச் சொல்ல முடியாது போலிருக்கிறது. முழங்கால் ஆபரேஷனை எழுதாமல் விட்டிருக்கலாம். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது.

கடைக்காரர் சொன்னதில் ஒரு வரியை நான் உனக்கு எழுதவில்லை. "போன்ல பார்க்கலாம், அவ்வளவுதான். சூட்டை மாத்தணும்னா மெஷின் முன்னாடி நின்னு கையாலதான் அமுக்கணும்" என்றார். நான் அமுக்கவில்லை. பூனையும் வளர்க்கவில்லை. மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து வரும்போதே யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

உங்கப்பா கூடத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் தேய்ப்பது உனக்குத் தெரியுமே, ரிடையர் ஆன பிறகும் அடுத்தவர் கையில் இஸ்திரிப் பெட்டியைக் கொடுக்க மாட்டார். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, "உங்க பொண்ணு போன்லேர்ந்து மாத்த முடியாதாம். கையால அமுக்கினாத்தான் உண்டாம்" என்றேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. தேய்த்த காலரையே திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

"சட்டை பொசுங்கப் போகுது" என்றேன்.

"நான்தான் அமுக்கறேன்" என்றார்.

"எப்போ?"

"நீ தூங்கினப்புறம்."

எனக்கு வந்த கோபத்தில் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். நீயும் நானும் ஒரு மாதமாக ஒருத்தி குடுமியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நிற்கிறோம், இவர் ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் வாயால் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"முப்பது வருஷம் ஓட்டல் லாண்டரியில ஆவிக்குள்ளயே நின்னேன். இஸ்திரி மெஷின்ல பெட்ஷீட்டைப் போட்டு மேல்மூடியை இறக்கினா குப்புன்னு மூஞ்சில அடிக்கும். மூச்சு முட்டும், ஆனா நகர முடியாது, பின்னாடி அடுத்த துணி வண்டி நிக்கும். வேலையை விட்ட அன்னிக்கு, இனிமே இந்த எழவு மூஞ்சில படாதுன்னு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? இவ வாங்கிக் குடுத்த மாஸ்க்கை மாட்டினா மறுபடி அங்கயே போய் நிக்கிற மாதிரி இருக்கு. அதோட விட்டுதா? ஃபேன் காத்துல குழாய் குளிர்ந்து, உள்ள தண்ணி கோத்து, மூக்குல சொட்டுது. தூக்கிப் போடும். கழட்டி வச்சிடுவேன். ஒரு நாள் சூட்டை மட்டும் அணைச்சுப் பார்த்தேன். தண்ணி இருந்துச்சு, காத்து ஜில்லுன்னு வந்துச்சு. ஜன்னல் ஓரமா படுத்த மாதிரி இருந்துச்சு. விடியறது தெரியாம தூங்கிட்டேன்."

"இதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"யார்கிட்ட? அவகிட்ட சொன்னா, சித்தி சரியா பார்த்துக்கலன்னு என்னைக் கூட்டிட்டுப் போயிடுவா. வாசல்ல நின்னு சொன்னாளே. உன்கிட்ட சொன்னா, சண்டை வர்றப்போ நீ அவகிட்ட சொல்லிக் காட்டுவே. அப்பவும் கூட்டிட்டுத்தான் போவா."

அவர் சொன்னது தப்பில்லை. நான் சொல்லிக் காட்டத்தான் செய்திருப்பேன்.

உன் கடிதங்கள் கடைக்கு வருவதும் அவருக்குத் தெரியும். என் பையில் உறையைப் பார்த்திருக்கிறார், பிரிக்கவில்லை, கேட்கவும் இல்லை. அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவகிட்ட சொல்லிடாதே. சுகமா இருக்குன்னு தினமும் சொல்லிட்டேன். இனிமே நான் எது சொன்னாலும் நம்ப மாட்டா" என்றார். அதனால் நான்தான் அணைத்தேன் என்று உனக்கு எழுதினேன். உன்னிடம் கெட்டுப்போக எனக்கு நல்ல பெயர் ஒன்றும் இல்லை. அவருக்கு இருந்தது. அது போக வேண்டாம் என்று நினைத்தேன். இதற்காக என்னைத் தியாகி ஆக்கிவிடாதே. அவரோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்து ஐந்து என்று நான் அமுக்கிய அத்தனை ராத்திரியும், "ஆமா, அஞ்சு" என்று தலையாட்டிவிட்டுப் படுத்தவர் அவர்.

இப்போது ராத்திரியில் நான் சூட்டைத் தொடுவதில்லை. கடைக்காரரிடம் மறுபடி போய், சூடில்லாமல் சௌகரியமாக வைத்துக்கொள்ள என்ன செய்வது என்று கேட்டு வந்தேன். தொட்டியில் கோடு வரைக்கும் பச்சைத் தண்ணீர் இருக்க வேண்டும், பாதித் தொட்டி வைத்துவிட்டு மூக்கு வறளுகிறது என்று புலம்பக் கூடாதாம். காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, கவிழ்த்து உலர்த்துகிறேன். வாய் திறந்துகொண்டால்தான் தொண்டை அதிகம் வறளும் என்று சொன்னார், அதனால் தாடைக்கு ஒரு பட்டை வேண்டுமா என்று பார்த்தோம், வேண்டியிருக்கவில்லை. மாஸ்க்கில் காற்று கசிந்தாலும் வறளுமாம். வார் ஒரு பக்கம் தளர்ந்திருந்தது, நானே பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். படுக்கும் முன் மூக்குக்கு உப்புத் தண்ணீர்ச் சொட்டு. ரத்தம் எதுவும் வரவில்லை, கைக்குட்டையைத் தினமும் பார்க்கிறேன். நம்பாவிட்டால் வந்து நீயும் பார்.

நீ வருவது பற்றி. உன் மார்ச் 28 கடிதத்தை இந்த முறை நான் மறைக்கவில்லை. அவரிடமே கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். எழுந்து வெளியே போனார். சாயங்காலம் பார்த்தால் அலமாரி மேல் இருந்த பயணப் பெட்டியைக் காணோம். வீட்டில் இருந்தது அந்த ஒரே பெட்டிதான். கேட்டால், பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் ஊருக்குப் போகிறான், இரவல் கொடுத்தேன் என்கிறார். அந்த எலெக்ட்ரீஷியன் இன்றைக்குக் காலையில்கூட எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

உனக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. உன்மேல் அவருக்கு உயிர். உன் போன் வரும் நேரத்துக்கு முன்னாலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆனால் அவர் இங்கேயே இருக்கத்தான் ஆசைப்படுகிறார். அதை உன்னிடம் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

நேற்று என்னிடம் கேட்டார்: "அவ பார்க்க வர்றாளா, கூட்டிட்டுப் போக வர்றாளா? அதை மட்டும் கேட்டு எழுது." நான் கேட்டுவிட்டேன்.

சித்தி

---

ஏப்ரல் 10

சித்திக்கு,

உங்கள் கடிதத்தைக் கம்பெனி கேன்டீனில் படித்தேன். வீட்டுக்குப் போய்ப் படித்திருக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்திருந்த பெண், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிப் போய்விட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எங்கப்பா நன்றாகத் தூங்குகிறார் என்று சொல்லிவிட்டு மறுபடி அழுதேன். அவள் என்னை எப்படிப் பார்த்தாள் என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் உங்கள் மேல் கோபம் வந்தது, பிறகு அப்பா மேல் வந்தது. "சுகமா இருக்கும்மா, அருமையா இருக்கும்மா" என்று என்ன கூசாமல் சொன்னார்! சின்ன வயதில் நான் பொய் சொன்னால் காதைத் திருகியவர். அதற்கும் பிறகு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே நான் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். அதை அன்பாகத்தான் சொன்னேன் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களைத்தான் மிரட்டினேன், அது உண்மை. ஆனால் பயந்தது அவர். என்னைப் பார்த்து அப்பா பயப்படுவார் என்று ஒருபோதும் எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அது ரொம்ப வலிக்கிறது சித்தி.

உங்களை முழுக்க நம்பிவிட்டேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் நீங்களே சந்தேகப்படுவீர்கள். கைக்குட்டையை வந்து கட்டாயம் பார்ப்பேன். வாரை நீங்கள் தைத்த இடத்தையும் பார்ப்பேன், முகத்தில் உறுத்துகிறதா என்று. ஆனால் பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே விட்டுவிடுவோம். டாக்டரிடமும் சொல்லிவிட்டேன், சரி என்றார். குளிர் காலத்தில் மூக்கு வறண்டால் அப்போது ஒன்று, இரண்டு என்று ஏற்றிப் பார்க்கலாமாம். அதை அப்பாவே அமுக்கட்டும். இனி ஒளித்து அமுக்க வேண்டாம். நான் ஒட்டிய தாளைக் கிழித்துவிடுங்கள்.

கிழக்குப் பார்த்த அறையில் மேஜையை வாங்கிப் போட்டதுதான் மிச்சம். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். அவர் வரவே மாட்டார் என்று பழகிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

அப்பா கேட்டதற்குப் பதில்: பார்க்கத்தான் வருகிறேன். பதினெட்டாம் தேதி காலையில் வந்து, இருபத்தொன்றாம் தேதி சாயங்காலம் கிளம்புகிறேன்.

வெறும் வாய்ப்பேச்சு என்று அவர் நினைப்பார். நீங்களும் நினைப்பீர்கள். அதனால் டிக்கெட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். வரும்போது ஒரு ஆள், போகும்போதும் ஒரு ஆள். ஆள் எண்ணிக்கை போட்டிருக்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார்க்கட்டும்.

மகள்